கம்பி போட்ட பல்லில் வெள்ளைத் திட்டு விழாமல் காப்பது எப்படி?

பல்லைக் கெடுப்பது கம்பி இல்லை, கம்பியைச் சுற்றித் தங்கும் அழுக்குதான். பிராக்கெட்டுக்கும் (கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டிய சிறு பிடி) ஈறுக்கும் நடுவில் உள்ள குறுகிய இடத்தில் அது படிந்து கிடந்தால், ஒரு மாதத்துக்குள்ளேயே பல்லின் கடினமான மேலுறையான எனாமல் சுண்ணாம்பு நிறத்தில் வெளுக்கத் தொடங்கிவிடும்.

படி 1: கம்பியில் மாட்டும் ரப்பர் வளையம் (எலாஸ்டிக்) இருந்தால் கழற்றி, வெறும் தண்ணீரில் வாயை நன்றாகக் கொப்பளியுங்கள்.

படி 2: மென்மையான பிரஷ்ஷில் பட்டாணி அளவு ஃபுளோரைடு பேஸ்ட் போதும். டியூபில் ஃபுளோரைடு 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். பிரஷ்ஷை 45 டிகிரி சாய்த்து, முதலில் ஈறுப் பக்கம் தேயுங்கள். அடுத்து பிராக்கெட்டின் மறுபக்கம், பிறகு நேராக அதன் மேல், கடைசியில் உள்பக்கமும் கடிக்கும் பக்கமும். கம்பிக்கு அடியில் பல்லிடுக்கு பிரஷ்ஷை விட்டு எடுங்கள். நாலு நிமிடமாவது ஆகும். உமிக்கரியும் எலுமிச்சையும் வேண்டவே வேண்டாம். ஒன்று எனாமலைத் தேய்க்கும், மற்றது அரிக்கும்.

படி 3: நுரையைத் துப்புங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள். பலரும் தவறுவது இங்கேதான். ஃபுளோரைடு பல்லில் தங்கினால்தானே வேலை செய்யும்!

படி 4: 0.05% சோடியம் ஃபுளோரைடு மவுத்வாஷ் 10 மில்லி, ஒரு நிமிடம். பல் துலக்காத வேறு நேரத்தில், மத்தியானம் போல, பயன்படுத்துங்கள். அதன்பின் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. ஆறு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

ஏத்தங்காய் சிப்ஸும் முந்திரிக்கொத்தும் பிராக்கெட்டையே பெயர்த்துவிடும். சர்க்கரை வரட்டி கம்பியில் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் கரையும். கருப்பட்டிக் காப்பி நல்லதுதானே என்று நாள் முழுக்க உறிஞ்சுபவர்களும் கவனிக்க வேண்டும்: கிருமிக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான். அதைத் தின்று கிருமி அமிலத்தை உண்டாக்கும். வாயின் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்) 5.5-க்குக் கீழே இறங்கும்போதெல்லாம் எனாமலின் தாது கரைகிறது. அதனால் இனிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்து ஒரேயடியாக முடித்துவிடுங்கள்.

வாரம் ஒருமுறை பல்லைப் பஞ்சால் ஒற்றி உலர்த்தி, செல்போன் டார்ச்சில் பாருங்கள். உலர்ந்தால் மட்டும் வெள்ளை தெரிந்தால் ஆரம்பக் கட்டம். ஈரத்திலும் தெரிந்தால் ஆழமாகிவிட்டது. இரண்டுக்குமே மருத்துவரிடம் காட்டி, பல்லில் பூசும் ஃபுளோரைடு வார்னிஷ் கேளுங்கள். பால் புரதம் கலந்த தாதுக் கிரீமும் உண்டு. பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது ஆகாது.

கரைந்துபோன தாது திரும்பப் படியும். உடைந்து குழி விழுந்த எனாமல் மறுபடி வளராது. கம்பி கழற்றியதும் திட்டு இருந்தால் உடனே பிளீச்சிங்குக்கு ஓடாதீர்கள். வழக்கமான பேஸ்ட்டோடு சில மாதம் விடுங்கள், உமிழ்நீரே பாதியை மங்க வைக்கலாம். கம்பி கழற்றிய பிறகு மிஞ்சிய முன்பல் திட்டில் அவசரப்பட்டு அடர்த்தியான ஃபுளோரைடு பூசினால், மேற்பரப்பு மட்டும் இறுகி வெள்ளை உள்ளேயே தங்கிவிடும். அப்படியும் மறையாததற்கு, திட்டுக்குள் பிசின் போன்ற திரவத்தை ஊறவைத்து மறைக்கும் ரெசின் ஊடுருவல் சிகிச்சை இருக்கிறது.