பேட்டரியில் சார்ஜ் நிறைய இருந்தும் அணைந்த மீன்தொட்டி விளக்கு

கடலூர் வீட்டில் 90 வாட் எல்இடி, 12 வோல்ட் பேட்டரி, சோலார் பேனல். இருபது நிமிடத்தில் விளக்கு அணையும், தானே எரியும், மறுபடி அணையும். டிரைவரை (எல்இடிக்குச் சீரான கரண்ட் கொடுக்கும் பெட்டி) மாற்றினேன், பேட்டரியைச் சோதித்தேன். மூன்று நாள் வீண்.

விளக்கு எரியும்போதே மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) வைத்ததும் பிடிபட்டது. பேட்டரி முனையில் 12.2 வோல்ட், டிரைவர் முனையில் 10.6. டிரைவர் 10.5-க்குக் கீழே போனால் அணைந்துவிடும். ஒயர் 0.75 சதுர மில்லிமீட்டர். போக வர 6 மீட்டர், 8 ஆம்பியரில் அதிலேயே 1.2 வோல்ட் காலி. மீதி 0.4 ஃபியூஸ் ஹோல்டரில். வெளியே பளபளப்பு, உள்ளே உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்தது.

4 சதுர மில்லிமீட்டர் ஒயர், புது ஹோல்டர், முனைகளில் வாஸ்லின். இப்போது இழப்பு 0.3 வோல்ட்தான், நான்கு மணி நேரம் அணையாமல் எரிகிறது. அப்பாடா!