பஞ்சகவ்யம் வேலை செய்கிறதா? மாடியிலேயே சோதித்துப் பார்ப்பது எப்படி

பசுவின் சாணம், கோமியம், பால், தயிர், நெய் கலந்து செடிகளுக்காகத் தயாரிக்கும் கரைசல்தான் பஞ்சகவ்யம். "பஞ்சகவ்யம் தெளித்தேன், வெண்டை நன்றாகக் காய்த்தது" என்று யாராவது சொன்னால், தெளிக்காத செடி எப்படிக் காய்த்தது என்று கேளுங்கள். காய்த்ததற்குக் காரணம் மழையா, புது மண்ணா, நல்ல விதையா, எதுவாகவும் இருக்கலாமே. சோதனை முறை இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான். ஒன்றை மட்டும் நாமே மாற்றி, மற்றதெல்லாம் ஒரே மாதிரி இருக்கும்படி பார்த்துக்கொண்டு, விளைவை ஒப்பிடுகிறோம். மாற்றுவது சாரா மாறி, அளப்பது சார்ந்த மாறி.

1747ல் சாலிஸ்பரி கப்பலில் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் செய்ததும் இதுதான். ஸ்கர்வி நோய் (வைட்டமின் சி குறைவால் வருவது) ஏறக்குறைய ஒரே அளவில் முற்றியிருந்த 12 மாலுமிகளை ஒரே இடத்தில் படுக்கவைத்து, ஒரே சாப்பாடு கொடுத்து, இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமான வைத்தியம் பார்த்தார். வினிகரும் கடல்நீரும் குடித்தவர்கள் தேறவில்லை, ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர் மளமளவென்று எழுந்துவிட்டார்கள்.

சரி, வெண்டைக்கு வருவோம். ஒரே அளவுள்ள 20 தொட்டிகள், ஒரே மண்கலவை, ஒரே பாக்கெட் விதை. தொட்டிகளுக்கு எண் போட்டு, சீட்டுக் குலுக்கி 10 எண்களை எடுங்கள். கண்ணால் பார்த்துப் பொறுக்கவே கூடாது, ஏனென்றால் செழிப்பான கன்றுதான் முதலில் கண்ணில் படும், அதற்குத்தான் மருந்தும் போகும். இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் இருந்த ரொனால்ட் ஃபிஷர் 1920களில் வயல் சோதனைகளுக்குக் கட்டாயம் தேவை என்று வலியுறுத்தியது இந்தக் குலுக்கலைத்தான்.

குலுக்கலில் வந்த 10 தொட்டிக்கும் லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம் கலந்து தெளியுங்கள். மற்ற 10க்கும் அதே நாளில் அதே அளவு வெறும் தண்ணீர் தெளிக்க வேண்டும், இதைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். தெளிக்காமல் விட்டால், பலன் பஞ்சகவ்யத்தாலா அல்லது கூடுதலாகக் கிடைத்த ஈரத்தாலா என்று தெரியாமல் போய்விடும்.

எதை அளக்கப்போகிறீர்கள் என்பதைத் தொடங்கும் முன்பே எழுதிவையுங்கள். ஒவ்வொரு செடியும் தந்த காயின் மொத்த எடை போதும். முடிவு வந்த பிறகு "இலை பச்சையாக இருக்கிறதே" என்று அளவுகோலை மாற்றக் கூடாது. பஞ்சகவ்யத்தின் வாசனை தெளிப்பவருக்குத் தெரிந்துவிடும், அதைத் தடுக்க முடியாது. ஆனால் எடை போடுகிறவரிடம் தொட்டி எண்ணை மட்டும் சொல்லிக் காயைக் கொடுக்கலாம். பட்டுப்போன செடியையும் கணக்கில் சேருங்கள்.

அப்புறம் சராசரியை மட்டும் பார்த்து முடிவுக்கு வராமல் 20 எடைகளையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். இரண்டு பக்க எண்களும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடந்தால், இந்தத் தடவை எதுவும் சொல்ல முடியாது என்று குறித்துவைத்து, அடுத்த பட்டத்தில் இன்னும் அதிகத் தொட்டிகளோடு மறுபடி செய்யுங்கள்.