கிரான்பெர்ரீஸ் குழுவைக் கேட்கத் தொடங்குவது எப்படி

அயர்லாந்தின் லிமெரிக் நகரில் 1989-ஆம் ஆண்டு உருவான கிரான்பெர்ரீஸ் என்ற ராக் இசைக்குழுவிடம் பெரும்பாலோர் 'ஜாம்பி' என்ற ஒரே பாடலின் வழியாகத்தான் வந்து சேர்கிறார்கள். யூடியூபில் நூறு கோடிப் பார்வைகளைக் கடந்த பாடல் அது என்பதால் இதில் வியப்பில்லை. ஆனால் அங்கிருந்து தொடங்குபவர் குழுவின் மற்ற பாடல்களிலும் அதே சினத்தையும் அதே கிட்டார் முழக்கத்தையும் எதிர்பார்ப்பார். எட்டு ஆல்பங்களைப் புரட்டினாலும் அவை அரிதாகவே கிடைக்கும். இக்குழுவின் வலிமை அடக்கமான கிட்டாருக்கு மேலே தனியாக ஒலிக்கும் ஒரு குரலில் இருக்கிறது. எனவே 'ஜாம்பி'யைச் சிறிது காலம் ஒதுக்கிவைத்துவிட்டு, 1993-இல் வெளியான முதல் ஆல்பமான 'எவ்ரிபடி எல்ஸ் இஸ் டூயிங் இட், சோ வொய் கான்ட் வி'யிலிருந்து தொடங்குங்கள்.

அந்த ஆல்பத்தைக் கேட்கும் முன் குழு அமைந்த விதத்தைத் தெரிந்துகொள்வது பயன்தரும். கிட்டார் வாசித்த நோயல் ஹோகன், பேஸ் கிட்டார் வாசித்த அவருடைய தம்பி மைக் ஹோகன், டிரம்ஸ் வாசித்த ஃபெர்கல் லாலர் ஆகிய மூவரும் முதலில் நியல் குவின் என்ற பாடகருடன் இயங்கினார்கள். அவர் விலகிய பின், 1990-இல், லிமெரிக் மாவட்டத்துப் பாலிபிரிக்கன் என்ற சிற்றூரைச் சேர்ந்த டொலோரஸ் ஓரியோர்டன் வந்து சேர்ந்தார். தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தும் பாடியும் வளர்ந்தவர் அவர். மூவரும் சொற்களின்றி வைத்திருந்த ஓர் இசைக்கோவையை வாங்கிச் சென்று, அதற்கு அவர் எழுதிக் கொண்டுவந்த வரிகளே பின்னாளில் 'லிங்கர்' ஆயின. இசை ஒருவரிடமிருந்தும் சொல்லும் மெட்டும் இன்னொருவரிடமிருந்தும் வரும் இந்த முறையே குழுவின் சிறந்த பாடல்கள் பலவற்றுக்கு அடிப்படை.

முதல் ஆல்பத்தில் 'டிரீம்ஸ்', 'லிங்கர்' என்ற இரண்டையும் மட்டும் பொறுக்கிக் கேட்காமல், தொடக்கப் பாடலான 'ஐ ஸ்டில் டூ'விலிருந்து முழுவதும் கேளுங்கள். முதல் முறை குரலை மட்டும் கவனியுங்கள்: ஒரு சொல்லின் நடுவில் அது சட்டென உடைந்து மேல் சுரத்துக்குத் தாவும், லிமெரிக் வட்டார உச்சரிப்பு எங்கும் மறைக்கப்படாமல் நிற்கும். இரண்டாம் முறை கிட்டாரைக் கவனியுங்கள். நோயல் ஹோகன் தனி வாசிப்பில் வித்தை காட்டுவதே இல்லை. தந்திகளைப் பிரித்து மீட்டும் சிறு வடிவங்களைத் திரும்பத் திரும்ப வாசித்துக் குரலுக்கு இடம்விட்டு ஒதுங்கிக்கொள்கிறார். ஆல்பத்தைத் தயாரித்த ஸ்டீஃபன் ஸ்ட்ரீட் அதற்கு முன் இதேபோலப் பிரித்து மீட்டும் கிட்டாருக்குப் பெயர்பெற்ற இங்கிலாந்தின் தி ஸ்மித்ஸ் குழுவுடன் பணியாற்றியவர் என்பதை அறிந்தால், இந்தக் கிட்டார் ஒலியின் உறவுமுறை விளங்கும். ஆல்பம் வெளிவந்தபோது பிரிட்டனில் அதிகக் கவனம் பெறவில்லை. அமெரிக்காவில் சுவேட் என்ற பிரிட்டிஷ் குழுவின் நிகழ்ச்சிகளில் அவர்களுக்கு முன்பாக மேடையேறியபோதும், இசைத் தொலைக்காட்சியான எம்டிவி 'லிங்கர்' காட்சியைத் தொடர்ந்து ஒளிபரப்பியபோதும்தான் நிலை மாறியது. பாடல் அமெரிக்கத் தரவரிசையில் 8-ஆம் இடத்தைத் தொட்டது, 1994-இல் ஆல்பம் பிரிட்டனில் முதலிடத்துக்கு ஏறியது.

அடுத்து 1994 அக்டோபரில் வெளியான 'நோ நீட் டு ஆர்க்யூ'. இதையும் ஸ்ட்ரீட்தான் தயாரித்தார். அட்டைப்படத்தில்கூட முந்தைய ஆல்பத்தின் அதே சோபாவில்தான் நால்வரும் அமர்ந்திருக்கிறார்கள். ஒரே ஒரு ஆல்பத்துக்குத்தான் உங்களுக்கு நேரம் இருக்கிறது என்றால் இதையே பரிந்துரைப்பேன். ஒதுக்கிவைத்த 'ஜாம்பி'யை இப்போது, அது இடம்பெறும் வரிசையிலேயே கேளுங்கள். 1993 மார்ச் 20 அன்று இங்கிலாந்தின் வாரிங்டன் நகரில், வட அயர்லாந்தைப் பிரிட்டனிடமிருந்து பிரிக்க ஆயுதமேந்திய ஐஆர்ஏ அமைப்பு வைத்த குண்டுகள் வெடித்து 3 வயதும் 12 வயதும் ஆன இரு சிறுவர்கள் உயிரிழந்ததன் எதிர்வினையாக டொலோரஸ் தனியாக எழுதிய பாடல் அது. வரிகளில் வரும் 1916 என்ற ஆண்டு பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான டப்ளின் ஈஸ்டர் எழுச்சியைக் குறிக்கிறது. அயர்லாந்தில் பிறந்த ஒருவர் அயர்லாந்தின் பெயரால் நடந்த கொலையைக் கண்டித்துப் பாடுகிறார் என்ற நிலையை மனத்தில் வைத்துக் கேட்டால்தான், பல்லவியில் குரல் ஏன் அப்படிக் கரகரத்து உறுமுகிறது என்பது புரியும். 'ஓட் டு மை ஃபேமிலி'யின் மென்மைக்கும், ஆறு நிமிடத்தைத் தாண்டிச் செல்லும் 'டாஃபடில் லாமென்ட்'டின் நிறம் மாறும் அமைப்புக்கும், ஆர்கனும் குரலும் மட்டுமே உள்ள தலைப்புப் பாடலுக்கும் நடுவில் அது எவ்வளவு விதிவிலக்கானது என்பதும் அப்போது தெரியவரும். இந்த இடத்தில் 1995-ஆம் ஆண்டின் எம்டிவி அன்பிளக்டு நிகழ்ச்சிப் பதிவைத் தேடிப் பார்ப்பது நல்லது. மின்கிட்டாரின் முழக்கம் நீக்கப்பட்ட பிறகும் 'ஜாம்பி' தளராமல் நிற்பதை அதில் கேட்கலாம்.

இதற்குப் பின் வரிசையாகக் கேட்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1996-இல் வந்த 'டு தி ஃபெய்த்ஃபுல் டிபார்ட்டட்' ஆல்பத்தைக் கனமான ராக் ஒலிக்குப் பெயர்பெற்ற புரூஸ் ஃபேர்பெர்ன் தயாரித்தார். 'ஜாம்பி'யின் வெற்றி குழுவையே தவறான பாதைக்குத் திருப்பியது என்பது என் கணிப்பு: கிட்டார் முன்னே வந்ததும் குரல் அதனோடு போட்டியிட நேர்ந்தது, போஸ்னியப் போர், பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் கொலை என்று பெரிய பொருள்களை எடுத்த பாடல்கள் மேலோட்டமாக முடிந்தன. முதல் முறையில் இந்த ஆல்பத்திலிருந்து 'வென் யூ ஆர் கான்', 'ஃப்ரீ டு டிசைட்' ஆகிய இரண்டை மட்டும் கேட்டுவிட்டுக் கடந்துவிடலாம். அந்த ஆண்டே சுற்றுப்பயணத்தைப் பாதியில் நிறுத்தும் அளவுக்குக் குழு களைத்துப்போயிருந்தது. 1999-இன் 'பரி தி ஹாட்செட்' சற்றுத் தேறியது. அதில் 'அனிமல் இன்ஸ்டிங்க்ட்' தவறவிடக்கூடாதது. 2001-இல் ஸ்ட்ரீட் திரும்பிவந்து தயாரித்த 'வேக் அப் அண்ட் ஸ்மெல் தி காஃபி' இதமானது, ஆனால் புதிதாக ஒன்றும் சொல்லாதது.

2003-இல் குழு ஓய்வுக்குச் சென்றது. டொலோரஸ் தனியாக வெளியிட்ட இரண்டு ஆல்பங்களை, 2007-இன் 'ஆர் யூ லிசனிங்'கையும் 2009-இன் 'நோ பேகேஜ்'ஜையும், இந்த வரிசையில் சேர்க்கவேண்டிய கட்டாயமில்லை. மீண்டும் கூடிய பின் 2012-இல் வந்த 'ரோசஸ்' ஆல்பத்தை அவசரமின்றிக் கேளுங்கள். இருபது வயதின் துடிப்பைப் போலி செய்யாமல், இடைவெளிகளை மறுபடி திறந்துவிடும் ஆல்பம் அது. ஐரிஷ் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ராவுடன் பழைய பாடல்களை மறுபதிவு செய்த 2017-இன் 'சம்திங் எல்ஸ்', மூலப் பாடல்கள் நன்கு பழகிய பிறகே சுவைக்கும்.

எட்டாவதும் இறுதியுமான 'இன் தி எண்ட்' ஆல்பத்தைக் கடைசியாகத்தான் கேட்கவேண்டும். 2017 முதல் நோயலும் டொலோரஸும் புதிய பாடல்களை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். 2018 ஜனவரி 15 அன்று லண்டனில் ஒரு விடுதியறையில் டொலோரஸ் தமது 46-ஆம் வயதில் காலமானார். மது போதையில் குளியல் தொட்டியில் மூழ்கிய விபத்து என்று விசாரணை முடிவுசெய்தது. அவர் மாதிரிப் பதிவுகளில் பாடிவைத்திருந்த குரலை வைத்துக்கொண்டு, குடும்பத்தாரின் ஒப்புதலுடன், எஞ்சிய மூவரும் ஸ்ட்ரீட்டும் பதினொரு பாடல்களை முடித்து 2019 ஏப்ரலில் வெளியிட்டார்கள். குழுவின் பெயரையும் அத்துடன் நிறைவுசெய்துகொண்டார்கள். குழுவுக்கு முதல் கிராமி பரிந்துரை கிடைத்ததும் இதற்கே. இதை ஹெட்போனில் கேட்டு முதன்மைக் குரலையும் துணைக் குரலையும் பிரித்தறிய முயலுங்கள். முந்தைய ஆல்பங்களில் பின்னணியில் அடுக்கடுக்காக எழும் குரல்களும் பெரும்பாலும் டொலோரஸுடையவையே. இதில் விடுபட்ட இடங்களை நிரப்பியவர் குழுவின் மேடைகளில் துணைக் குரல் பாடிவந்த ஜோஹானா கிரானிச். எந்த வரியில் ஒருவர் நின்று மற்றவர் தொடங்குகிறார் என்பதை 'ஆல் ஓவர் நவ்' பாடலில் தேடத் தொடங்கலாம்.