கிளப் உறுப்பினர்களுக்கு கோல்ஃப் போட்டி நடத்துவது எப்படி

கிளப் போட்டியை நடத்தும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்துவிட்டதா? சரி, தேதி குறிப்பதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: இந்தப் போட்டி யாருக்காக? ஐந்துக்கும் குறைவான ஹேண்டிகேப் (திறமைக்கேற்பக் கழித்துக்கொள்ளும் சலுகை அடிகள், எண் குறைந்தால் ஆட்டம் நன்று) உள்ளவர்கள் எந்தக் கிளப்பிலும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான், நீங்கள் எப்படி நடத்தினாலும் வந்து ஆடிவிட்டுப் போவார்கள். கட்டணம் கட்டி இடத்தை நிரப்புவது 15 முதல் 28 வரை ஹேண்டிகேப் உள்ள கூட்டம். வாரம் ஒருமுறை ஆடுகிறவர், மூன்றாவது ஹோலிலேயே பந்தைத் தண்ணீரில் போடுகிறவர், ஆனாலும் பரிசு மேசையை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பவர். அவர் அடுத்த முறையும் பெயர் கொடுத்தால் போட்டி நன்றாக நடந்தது என்று அர்த்தம். கீழே சொல்வதெல்லாம் அவரை மனதில் வைத்துத்தான்.

எந்த முறையில் ஆடுவது

ஸ்ட்ரோக் பிளே, அதாவது 18 ஹோல்களின் மொத்த அடிகளையும் கூட்டுவது, கேட்க எளிமையாக இருக்கும். ஆனால் 20 ஹேண்டிகேப்காரர் நான்காவது ஹோலில் 11 அடித்துவிட்டால் அவருடைய போட்டி அங்கேயே முடிந்தது, மீதி 14 ஹோலும் வெறும் நடைதான். அதோடு ஒவ்வொரு ஹோலிலும் பந்து குழியில் விழும்வரை ஆடியே ஆக வேண்டும் என்பதால் பின்னால் வரும் குழுக்களும் காத்துக்கொண்டு நிற்கும். கிளப் சாம்பியன்ஷிப்புக்கு அது வேண்டும், மாதாந்திரப் போட்டிக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

இதே தலைவலியைத் தீர்க்கத்தான் டாக்டர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் என்பவர் புள்ளி முறையைக் கொண்டுவந்தார், 1932-இல் இங்கிலாந்தின் வாலஸி கிளப்பில் அந்த முறைப்படி போட்டி நடந்தது. ஹேண்டிகேப் அடிகளைக் கழித்த பிறகு பார் (அந்த ஹோலுக்குக் குறித்த அடிகள்) என்றால் 2 புள்ளி, போகி (பாரைவிட ஒன்று அதிகம்) 1, பர்டி (ஒன்று குறைவு) 3, ஈகிள் (இரண்டு குறைவு) 4. டபுள் போகி (இரண்டு அதிகம்) அல்லது அதைவிட மோசம் என்றால் பூஜ்யம், அவ்வளவுதான், பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த டீக்கு (ஹோல் தொடங்கும் இடம்) போய்விடலாம். ஒரு மோசமான ஹோல் ஒரு நாளைக் கெடுக்காது, ஆட்டமும் வேகமாக நகரும். புதிதாக நடத்துகிறீர்கள் என்றால் வேறு யோசனையே வேண்டாம், ஸ்டேபிள்ஃபோர்டில் தொடங்குங்கள்.

மொத்த அடிக் கணக்குதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் இருந்தால், விதிப் புத்தகத்திலேயே ‘மேக்ஸிமம் ஸ்கோர்’ என்று ஒரு முறை இருக்கிறது. ஒரு ஹோலுக்கு அதிகபட்சம் இவ்வளவுதான் (நெட் டபுள் போகி, அதாவது சலுகை அடிகளைக் கழித்த பிறகு டபுள் போகி, என்று வைக்கலாம்) என்று கமிட்டி முன்கூட்டியே சொல்லிவிடும், அதைத் தொட்டவுடன் பந்தை எடுத்துவிடலாம்.

சீசன் முழுக்க ஓடும் போட்டி வேண்டுமானால் மேட்ச் பிளே நாக்அவுட்: இருவர் ஹோல் ஹோலாக மோதி, தோற்றவர் வெளியேறுவது. 27 பேர் பெயர் கொடுத்தால் 32 பேருக்கான டிரா போட வேண்டும், 5 பேருக்கு முதல் சுற்றில் பை (ஆடாமலே அடுத்த சுற்று), மீதி 22 பேர் 11 ஆட்டங்கள். இதில் பிரச்சினை ஆட்டம் இல்லை, தேதிதான். இருவருக்கும் ஒத்துவரும் நாள் கிடைக்கவில்லை என்று ஒரு ஆட்டம் ஆறு வாரம் இழுக்கும், அதற்குள் மற்ற எல்லோருக்கும் ஆர்வம் போய்விடும். அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் கடைசித் தேதி போடுங்கள், டிராவில் மேலே பெயர் உள்ளவர்தான் எதிராளியைக் கூப்பிட்டுத் தேதி கேட்க வேண்டும் என்று எழுதுங்கள், தேதி தாண்டினால் முயற்சி எடுத்தவருக்கு வெற்றி, யாருமே முயலவில்லை என்றால் காசு சுண்டிப் பார்ப்பது. ஒரே ஒருமுறை சலுகை கொடுத்தாலும் பிறகு எல்லோரும் கேட்பார்கள்.

புது உறுப்பினர்களைப் பழையவர்களோடு பழக வைக்க நான்கு பேர் ஸ்கிராம்பிள் நல்லது: எல்லோரும் அடித்து, சிறந்த பந்து கிடக்கும் இடத்திலிருந்து மறுபடி எல்லோரும் அடிப்பது. ஒவ்வொருவருடைய டீ ஷாட்டையும் குறைந்தது மூன்று முறையாவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு நிபந்தனை வையுங்கள், இல்லாவிட்டால் நீளமாக அடிக்கும் ஒருவரே அணியைச் சுமப்பார்.

ஹேண்டிகேப் கணக்கு

சண்டை பெரும்பாலும் இங்கேதான் வரும். 2020-இல் வந்த உலக ஹேண்டிகேப் முறைப்படி, ஒருவருடைய கடைசி 20 ஸ்கோர்களில் சிறந்த 8-ஐ வைத்து இண்டெக்ஸ், அதாவது அவருடைய ஹேண்டிகேப் எண், வருகிறது, உச்சவரம்பு 54. ஆனால் இண்டெக்ஸை அப்படியே ஸ்கோர்கார்டில் போடக் கூடாது. இண்டெக்ஸை உங்கள் டீயின் ஸ்லோப் ரேட்டிங்கால் (சாதாரண ஆட்டக்காரருக்கு மைதானம் எவ்வளவு கடினம் என்ற எண்) பெருக்கி 113-ஆல் வகுத்து, அதோடு கோர்ஸ் ரேட்டிங்குக்கும் (ஹேண்டிகேப் பூஜ்யம் உள்ளவர் எடுக்கக்கூடிய அடிகள்) பாருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சேர்த்தால் கோர்ஸ் ஹேண்டிகேப். அதில் போட்டி முறைக்கான சதவீதத்தை எடுத்தால்தான் அன்றைக்கு ஆடும் ஹேண்டிகேப்.

இண்டெக்ஸ் 18.4, ஸ்லோப் 125, கோர்ஸ் ரேட்டிங் 71.2, பார் 72 என்று வைத்துக்கொள்வோம். 18.4-ஐ 125-ஆல் பெருக்கி 113-ஆல் வகுத்தால் 20.35. ரேட்டிங் பாரைவிட 0.8 குறைவு, கழித்தால் 19.55. தனிநபர் ஸ்டேபிள்ஃபோர்டுக்கு 95 சதவீதம், 18.57, முழு எண்ணாக்கினால் 19. ஆக எல்லா ஹோலிலும் ஒரு அடி சலுகை, ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் 1 உள்ள ஹோலில் (சலுகை வரிசையில் முதல் ஹோல்) மட்டும் இரண்டு. நடுவில் எங்கேயும் முழு எண்ணாக்க வேண்டாம், கடைசியில் ஒருமுறை போதும்.

சதவீதம் முறைக்கு முறை மாறும். தனிநபர் மேட்ச் பிளேக்கு 100, ஃபோர்பால் (இருவர் அணி, ஒவ்வொரு ஹோலிலும் சிறந்த ஸ்கோர் மட்டும் கணக்கு) மேட்ச் பிளேக்கு 90, ஃபோர்பால் ஸ்ட்ரோக் பிளேக்கும் ஸ்டேபிள்ஃபோர்டுக்கும் 85. நான்கு பேர் ஸ்கிராம்பிளுக்கு பரிந்துரைக்கப்படுவது குறைந்த ஹேண்டிகேப்பிலிருந்து தொடங்கி 25, 20, 15, 10 சதவீதம். இதைவிடத் தாராளமாகக் கொடுத்தால் பரிசு விழாவில் அணி ஸ்கோரைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள்.

திறமையை மறைத்து ஹேண்டிகேப்பை உயர்த்தி வைப்பவர் எல்லாக் கிளப்பிலும் இருப்பார். அவரைப் பற்றி முணுமுணுப்பதைவிட, கடந்த சில மாதங்களில் இத்தனை ஸ்கோர்களாவது பதிவு செய்திருந்தால்தான் பரிசுக்குத் தகுதி என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். ஸ்கோர் பதியாதவர் ஆடலாம், சாப்பிடலாம், பரிசு மட்டும் கிடையாது. ஹேண்டிகேப் வாரியாக இரண்டு மூன்று பிரிவுகளாகப் பிரித்தால் இன்னும் நல்லது, 24-காரர் 8-காரரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

நிபந்தனைகளை எழுதி ஒட்டுங்கள்

கோல்ஃபுக்கு எழுதப்பட்ட மிகப் பழைய விதிகளே ஒரு போட்டிக்காக எழுதப்பட்டவைதான்: 1744-இல் எடின்பரோ அருகே லீத்தில், வெள்ளி கோல்ஃப் மட்டை ஒன்றைப் பரிசாக வைத்து நடந்த போட்டிக்கு, மொத்தம் 13 விதிகள். நீங்களும் ஒரு பக்கத்துக்குள் எழுதிவிடலாம். யார் ஆடலாம், எந்த டீ, எந்த முறை, எத்தனை சதவீதம், பெயர் கொடுக்கக் கடைசி நாள், சமநிலை வந்தால் என்ன, பரிசு எப்படிப் பிரியும், கார்ட் (மைதானத்தில் சுற்றும் சிறு வண்டி) உண்டா இல்லையா. முதல் பந்து அடிக்கும் முன் எழுதியது விதி. பிறகு சொல்வது, எவ்வளவு நியாயமாக இருந்தாலும், யாருக்கோ சாதகமாகச் சொன்னதாகவே தெரியும்.

சமநிலைக்கு கவுண்ட்பேக் வசதியானது: கடைசி 9 ஹோல், அதிலும் சமம் என்றால் கடைசி 6, 3, கடைசியில் 18-ஆவது ஹோல். ஸ்டேபிள்ஃபோர்டில் புள்ளிகளைக் கூட்டினால் போதும். நெட் ஸ்ட்ரோக் பிளே என்றால் ஹேண்டிகேப்பில் பாதி, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என்று கழிக்க வேண்டும். எல்லோரும் வேறு வேறு ஹோலில் தொடங்கியிருந்தாலும் கடைசி 9 என்றால் 10 முதல் 18 வரை என்பதையும் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் ஏழாவது ஹோலில் தொடங்கியவர் தன் கணக்கோடு வருவார்.

உள்ளூர் விதிகளில் இரண்டைக் கவனியுங்கள். மழைக்குப் பிறகு ஃபேர்வேயில் (புல்லைக் குட்டையாக வெட்டிய பாதை) பந்தை எடுத்துத் துடைத்து வைக்கலாம் என்றால், எவ்வளவு தூரத்துக்குள், ஃபேர்வே உயரத்துக்கு வெட்டிய இடத்தில் மட்டும்தானா என்று தெளிவாகச் சொல்லுங்கள். இன்னொன்று, பந்து தொலைந்தாலோ எல்லைக்கு வெளியே போனாலோ திரும்ப டீக்கு நடக்காமல் இரண்டு அபராத அடியோடு அருகிலேயே டிராப் செய்ய அனுமதிக்கும் மாதிரி உள்ளூர் விதி. 2019 திருத்தத்தோடு வந்தது, உயர்மட்டப் போட்டிகளுக்கு அல்ல, நமக்கு அருமையானது. இதை அமல்படுத்தாமல் ஆட்டம் மெதுவாகப் போகிறது என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

நேரமும் குழுக்களும்

80 பேர், நால்வராக 20 குழு, 10 நிமிட இடைவெளி என்றால் முதல் குழுவுக்கும் கடைசிக் குழுவுக்கும் நடுவில் 3 மணி 10 நிமிடம். ஒரு ரவுண்டுக்கு நாலரை மணி நேரம் என்று பார்த்தால், முதலில் முடித்தவர் பரிசு விழாவுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும், காத்திருக்க மாட்டார், போய்விடுவார். 1 மற்றும் 10 இரண்டு டீயிலிருந்தும் குழுக்களை அனுப்பினால் அந்த இடைவெளி ஒன்றரை மணி நேரமாகிவிடும். எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டுப் பரிசு கொடுக்கும் நாள் என்றால் ஷாட்கன் ஸ்டார்ட்: எல்லாக் குழுவும் ஒரே நேரத்தில் வெவ்வேறு ஹோலில். 20 குழுவுக்கு 18 ஹோல் போதாது, இரண்டு ஹோலில் இரட்டைக் குழு போட வேண்டும், அதற்கு பார் 5 ஹோல்களைத் தேர்ந்தெடுங்கள், பார் 3-இல் போட்டால் அங்கேயே நெரிசல்.

8 நிமிட இடைவெளி வைத்து இன்னும் பலரைத் திணிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முதல் பார் 3-இல் மூன்று குழு வரிசை கட்டும், அவ்வளவுதான் லாபம். மெதுவாக ஆடும் நால்வரைத் தெரிந்தால் (தெரியும்!) அவர்களைக் கடைசியில் வையுங்கள்.

மைதானம்

மைதானப் பொறுப்பாளரிடம் ஒரு வாரம் முன்னதாகவே பேசுங்கள். குழிகளை ஆறு எளிது, ஆறு நடுத்தரம், ஆறு கடினம் என்று வைக்கச் சொல்லுங்கள், கிரீன் (குழி இருக்கும் புல்தரை) ஓரத்திலிருந்து குறைந்தது நான்கு தப்படி உள்ளே, சுற்றி இரண்டு மூன்று அடி தூரம் ஓரளவு சமமாக. போட்டி நாள் என்றவுடன் எல்லாக் குழியையும் சரிவில் ஒளித்து வைக்கும் ஆசை சிலருக்கு வரும், மூன்று பட் (கிரீனில் பந்தை உருட்டும் அடி) நான்கு பட்டாகி ரவுண்டே ஐந்தரை மணி நேரமாகிவிடும். எல்லைக்கு வெள்ளைக் குச்சி, பெனால்டி ஏரியாவுக்கு (குளம், ஓடை போன்ற இடம்) மஞ்சள் அல்லது சிவப்பு, எல்லாம் இடத்தில் இருக்கின்றனவா என்று முந்தின நாளே நடந்து பாருங்கள்.

ஆட்ட நாள்

முதல் டீயில் ஒரு ஆள், ஸ்கோர் மேசையில் இருவர், விதி தெரிந்த ஒருவர் கார்ட்டில் சுற்றியபடி. இது போதும். அவர் வருவதற்குள் சந்தேகம் வந்தால் ஸ்ட்ரோக் பிளேயிலும் ஸ்டேபிள்ஃபோர்டிலும் இரண்டு பந்து ஆடி முடிக்கலாம், எது கணக்கு என்று அடிக்கும் முன்பே மார்க்கரிடம் (ஸ்கோரை எழுதுபவர்) சொல்லிவிட்டு, கார்டைக் கொடுப்பதற்கு முன் கமிட்டியிடம் சொல்ல வேண்டும். இதை முதல் டீயிலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள், பாதி வாக்குவாதம் குறையும். தாமதமாக வருபவருக்கு ஐந்து நிமிடம்வரை இரண்டு அடி அபராதம், அதைத் தாண்டினால் தகுதி நீக்கம். ஸ்டேபிள்ஃபோர்டில் அபராதம் முதல் ஹோலில் சேரும். தலைவராக இருந்தாலும் இதுதான்.

இடி மின்னல் வந்தால் ஒரு நீண்ட சைரன், உடனே நிறுத்த வேண்டும், அடிக்கத் தயாரான பட் ஒன்றைக்கூட முடிக்கக் கூடாது. மீண்டும் தொடங்க இரண்டு குறுகிய ஒலி. சைரனை முந்தின நாள் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

ஸ்கோர்கார்டில் ஆட்டக்காரர் பொறுப்பு ஒவ்வொரு ஹோலின் ஸ்கோரும், அவருடைய மற்றும் மார்க்கருடைய கையெழுத்தும்தான். கூட்டிப் போடுவதும், 2023 விதிகளின்படி ஹேண்டிகேப் அடிகளைக் கணக்கிடுவதும் கமிட்டியின் வேலை. கையெழுத்து மறந்தால் தகுதி நீக்கம் என்பது விதி, ஆனால் அதை இரண்டு அடி அபராதமாக மாற்றும் மாதிரி உள்ளூர் விதி இருக்கிறது. கிளப் போட்டிக்கு அதைப் போட்டுக்கொள்ளுங்கள், பேனா மறந்தவரை வீட்டுக்கு அனுப்புவதில் யாருக்கும் சந்தோஷமில்லை.

பரிசு

2022-இல் வந்த அமெச்சூர் விதிப்படி பரிசின் மதிப்பு 700 பவுண்டு அல்லது 1000 டாலருக்குள் இருக்க வேண்டும். ஹேண்டிகேப் போட்டியில் பணப் பரிசே கூடாது, பொருளாகத்தான் கொடுக்க வேண்டும். ஹோல் இன் ஒன்னுக்கு இந்த வரம்பு இல்லை, ஆனால் கார் ஒன்றை நிறுத்தி வைக்கும் முன் காப்பீடு எடுத்துவிடுங்கள்.

முதல் பரிசைப் பெரிதாக்குவதைவிடப் பரிசுகளைப் பரப்புங்கள்: பிரிவு வாரியாக, ஒருவருக்கு ஒரு பரிசு மட்டும், பார் 3-இல் குழிக்கு மிக அருகில் போட்டவருக்கு ஒன்று. மிக நீளமான டிரைவுக்கு அகலமான ஃபேர்வே உள்ள ஹோலைத் தேர்ந்தெடுத்து, பந்து ஃபேர்வேயில் நிற்க வேண்டும் என்று சொல்லுங்கள். முடிவை அறிவித்துவிட்டால் போட்டி முடிந்தது, பிறகு ஸ்கோரைத் திருத்துவது அபூர்வமான சில காரணங்களுக்கு மட்டும்தான், எனவே அறிவிக்கும் முன் கார்டுகளை இன்னொருவர் சரிபார்க்கட்டும்.

எல்லா ஸ்கோரையும் அன்றைக்கே ஹேண்டிகேப் கணினியில் ஏற்றிவிடுங்கள். காற்றோ மழையோ எல்லோரையும் அடித்த நாளாக இருந்தால் அதற்கான சரிக்கட்டல் அந்த நாளின் ஸ்கோர்களை வைத்துத்தான் கணக்காகும், அதற்குக் குறைந்தது எட்டு ஸ்கோர் வேண்டும்.