வெயிலில் வளர்ந்த கைகளுக்குக் குளிர்காற்றுக் கையுறை வாங்கும் முறை

நண்பகலில் 33 டிகிரி செல்சியஸ் வெயில் அடிக்கும் கோலாலம்பூரில் இருந்துகொண்டு குளிருக்குக் கையுறை வாங்குவது எளிதான காரியம் அன்று. பேரங்காடிக் கடையில் நின்றபடி, இன்னும் அனுபவித்திராத ஒரு குளிரை மனத்தில் நினைத்துப் பார்த்து, அந்த அச்சத்திலேயே அங்கு இருப்பவற்றுள் மிகத் தடித்ததைக் கையில் எடுத்துவிடுகிறோம். பனியில் சற்று நேரம் நின்று படமெடுத்துவிட்டு வண்டிக்குத் திரும்புகிறவருக்கு அது பொருந்தும். ஓடுகிறவருக்கும், விரைந்து மலையேறுகிறவருக்கும், சமவெளிப் பனியில் கோல் ஊன்றி மணிக்கணக்காகச் சறுக்கிச் செல்கிறவருக்கும், மிதிவண்டி மிதிக்கிறவருக்கும் அது பொருந்தாது. இவர்களுடைய உடல் அடுப்பைப்போல எரிந்துகொண்டே இருப்பதால், காற்றை மறித்து வியர்வையை வெளியே விடுகிற மெல்லிய உறை ஒன்றே கைக்குப் போதும்.

எம். மகேந்திரனும் என். மோகனதாஸும் 1997ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் மலேசியர்களானபோது, பனிமலை நம்மில் பெரும்பாலோருக்குச் செய்தித்தாளில் பார்க்கும் படமாகவே இருந்தது. இன்று பள்ளி விடுமுறை வந்தால் ஜப்பானின் ஹொக்கைடோவுக்கும் கொரியாவுக்கும் பயணம் புறப்படுகிற குடும்பங்கள் நம்மிடையே உண்டு. 5,364 மீட்டர் உயரத்தில் உள்ள எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்துவிட்டு வருகிற இளையோரும் உண்டு. ஆகவே இந்தத் தேர்வைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொள்வது நல்லது.

நான் இரண்டு முறை தவறிய பிறகே இதைக் கற்றேன். முதல் தவறு கினபாலு மலையில் நேர்ந்தது. மலையேறுவோர் தங்கும் லபான் ராத்தாவில் இருந்து அதிகாலை இரண்டரை மணியளவில் புறப்பட்டு, 3,668 மீட்டர் உயரத்தில் உள்ள சாயாட்-சாயாட் சாவடியைக் கடந்து, கருங்கல் பாறையின் மீது கயிற்றைப் பிடித்தபடி ஏறிக்கொண்டிருந்தோம். கம்பளி நூலால் பின்னிய கையுறையை நான் அணிந்திருந்தேன். தங்குமிடத்திற்குள் இதமாக இருந்த அந்தக் கையுறையில், திறந்த பாறைக்கு வந்ததும் ஒவ்வொரு கண்ணியின் வழியாகவும் காற்று உள்ளே புகுந்தது. ஈரக் கயிற்றைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கையும் நனைந்துபோனது. ஹெட்லேம்ப்பின் பொத்தானை அழுத்த முயன்றபோது, விரல் பொத்தானின் மேல் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது, விரலுக்குத் தெரியவில்லை.

அந்த அனுபவத்தால் மிரண்டு, அடுத்த முறை சியோலில் ஹான் ஆற்றங்கரையில் ஜனவரிக் காலையில் ஓடச் சென்றபோது, சரிவுப் பனிச்சறுக்குக்கு உரிய பஞ்சு அடைத்த கையுறையை அணிந்து சென்றேன். இரண்டாவது கிலோமீட்டரிலேயே உள்ளே வியர்த்துக் கொட்டியது. தண்ணீர் குடிப்பதற்காகக் கழற்றியபோது ஈரமான உள்துணி விரல்களோடு ஒட்டிக்கொண்டு பாதி வெளியே வந்துவிட்டது. அதைத் திரும்ப உள்ளே தள்ள முடியாமல், கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு விடுதிக்கு நடந்தே திரும்பினேன். முதல் முறை காற்று புகுந்ததால் குளிர்ந்தது. இரண்டாம் முறை வியர்வை வெளியேறாததால் குளிர்ந்தது. கையுறைத் தேர்வில் கவனிக்க வேண்டிய மற்ற எல்லாம் இந்த இரண்டுக்கும் அடுத்தவையே.

காற்றின் வலிமையை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம். நம் தோலை ஒட்டி வெதுவெதுப்பான காற்று மெல்லிய படலமாகத் தங்கியிருக்கும். வீசும் காற்று அந்தப் படலத்தைத் துடைத்து எடுத்துச் செல்வதால்தான் குளிர் கூடுகிறது. வெப்பமானி 0 டிகிரி காட்டும் நேரத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், மூடாத தோலுக்கு அது ஏறத்தாழ மைனஸ் 6 டிகிரியாகத் தோன்றும். மைனஸ் 10 டிகிரியில் அதே காற்று மைனஸ் 20 டிகிரியைப்போல உறைக்கும். மிதிவண்டியில் மணிக்கு 25 கிலோமீட்டர் செல்கிறவர் இலை அசையாத நாளிலும் இந்தக் காற்றைத் தாமே உண்டாக்கிக்கொள்கிறார். மழை விட்ட இரவில் காராக் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டி, நனைந்த விரல்கள் விறைத்துப்போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அப்போது வெப்பநிலை 22, 23 டிகிரிக்குக் குறைந்திருக்காது. வியர்வையின் தீங்கும் இதற்குக் குறைந்தது அன்று. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்துவதால், உள்துணி நனைந்துவிட்ட தடித்த கையுறை, காய்ந்திருக்கும் மெல்லிய கையுறையைவிட விரைவாகக் கையைக் குளிரச் செய்துவிடும்.

காற்றுத் தடுப்பைத் துணியில் மூன்று வழிகளில் கொண்டுவருகிறார்கள். இரு துணிகளுக்கு இடையே மெல்லிய சவ்வு ஒன்றை ஒட்டுவது முதல் வழி. விண்ட்ஸ்டாப்பர் என்ற பெயரில் நெடுங்காலமாக விற்கப்படுவது இவ்வகையே. ஒட்டாத வாணலியில் பூசப்படும் டெஃப்லான் இனத்துப் பொருளை இழுத்து விரித்து நுண்துளைகள் கொண்ட சவ்வாக்கி வந்தார்கள். வேறு பல நிறுவனங்கள் பாலியூரித்தேன் என்ற நெகிழிச் சவ்வைப் பயன்படுத்துகின்றன. சவ்வு காற்றை ஏறத்தாழ முழுவதுமாக மறிக்கும். ஆனால் வியர்வையை மெதுவாகத்தான் வெளியே விடும். சாஃப்ட்ஷெல் எனப்படும் நெருக்கி நெய்த துணியைப் பயன்படுத்துவது இரண்டாவது வழி. இது காற்றைப் பெருமளவு தடுத்து, சிறிதளவு கசிய விட்டு, விரைவாகக் காய்ந்துவிடும். மூன்றாவது வகை சாதாரண ஓட்டக் கையுறைதான். அதன் மணிக்கட்டில் உள்ள சிறு பைக்குள் மடித்து வைத்த மெல்லிய நைலான் உறை ஒன்று இருக்கும். காற்று எழும்போது அதை இழுத்து நான்கு விரல்களின் மேலும் போர்த்திக்கொள்ளலாம். ஏற்றத்தில் வியர்க்கும்போது மீண்டும் உள்ளே செருகிவிடலாம். ஓடுகிறவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்த மூன்றாவது வகையைத்தான். ஃப்ளீஸ் எனப்படும் மெத்தென்ற பின்னல் துணியில் மட்டும் செய்த கையுறை எவ்வளவு மென்மையாக இருந்தாலும், சவ்வு இல்லாவிட்டால் காற்றுக்கு ஏற்றதன்று.

சவ்வு கையுறையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதையும் கேட்டுப் பார்க்க வேண்டும். காற்று மோதுவது புறங்கையிலும் விரல்களின் மேற்புறத்திலுமே. கோலையோ கைப்பிடியையோ பற்றியிருக்கும் உள்ளங்கையில் காற்று படுவதில்லை, ஆனால் அங்குதான் வியர்வை மிகுதி. ஆகவே புறங்கைக்குச் சவ்வும், உள்ளங்கைக்கும் விரல்களின் இடுக்குகளுக்கும் இழுத்தால் நீளும் துணியும் வைத்துத் தைத்த கையுறையே ஓயாமல் இயங்குகிற கைக்குச் சிறந்தது. அட்டையில் ‘விண்ட்புரூஃப்’ என்று இருந்தால் காற்றை முழுமையாகத் தடுப்பது என்றும், ‘விண்ட் ரெசிஸ்டன்ட்’ என்று இருந்தால் ஓரளவே தடுப்பது என்றும் கொள்ளலாம். இரண்டுமே தண்ணீரைத் தடுக்கும் என்று பொருள் தருவன அல்ல.

அட்டையை நம்புவதைவிட வாயால் ஊதிப் பார்ப்பது மேல். புறங்கைத் துணியை உதடுகளோடு அழுத்தி வைத்துக்கொண்டு, மறுபக்கத்தில் உங்கள் மற்றொரு கையின் மணிக்கட்டை நீட்டி, பலமாக ஊதுங்கள். மணிக்கட்டில் ஒன்றும் படவில்லை என்றால் அங்கே சவ்வு இருக்கிறது. இலேசாகப் பட்டால் நெருக்கமான நெசவு. வெதுவெதுப்பான மூச்சு அப்படியே வந்து சேர்ந்தால் அந்தக் கையுறையை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடலாம். விரல் நுனியிலும் கட்டைவிரல் பொருந்தும் தையலிலும் தனித்தனியே ஊதிப் பார்க்க வேண்டும். பல கையுறைகளில் நடுப்பகுதி நன்றாக இருந்து தையல் வழியே காற்று ஒழுகும். கடையில் வாய் வைக்கக் கூச்சமாக இருந்தால், கையுறையை அணிந்து குளிர்சாதனக் காற்று நேராக வரும் துவாரத்தின் எதிரே சற்று நேரம் நின்று பார்க்கலாம். வாங்கிய பிறகு சன்வே பிரமிட் பேரங்காடியில் உள்ள பனிச்சறுக்குத் தளத்தில் ஒரு மணி நேரம் அணிந்து சுற்றிப் பார்ப்பது நம் ஊரில் கிடைக்கும் நல்ல ஒத்திகை. அங்கே பலத்த காற்று இல்லை என்றாலும் வியர்வை எங்கே தேங்குகிறது என்பது தெரிந்துவிடும்.

அளவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கட்டைவிரலை விட்டுவிட்டு, மற்ற நான்கு விரல்களின் அடி முட்டிகளைச் சுற்றி அளவு நாடாவை வைத்து, கையை மெல்ல மூடி அளக்க வேண்டும். கையுறைகளில் 7, 8, 9 என்று காணப்படும் எண்கள் பெரும்பாலும் இந்தச் சுற்றளவை அங்குலக் கணக்கில் குறிப்பவை. 8 என்பது ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். நம் ஊர்ச் சூட்டில் விரல்கள் சற்றுப் பருத்திருக்கும். குளிர் நாட்டில் அவை சுருங்கி மோதிரம் தளர்ந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே கடையில் ‘கொஞ்சம் பிடிப்பாக இருக்கிறதே’ என்று தோன்றுவது அங்கே சரியாக அமைந்துவிடலாம். ஆனாலும் முஷ்டியை இறுக மூடும்போது விரல் நுனி துணியில் முட்டினால் அந்த அளவு வேண்டாம்; அழுத்தம் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும், அழுந்திய துணியில் வெப்பம் தங்க இடம் இருக்காது. நுனியில் அரை சென்டிமீட்டர் இடைவெளி போதும். எங்கள் மலையேற்றக் குழுவில் ஒரு தங்கை, “அக்கா, உள்ளே இன்னொன்று போடலாமே, ஒரு சைஸ் பெரிதாக வாங்கவா?” என்று கேட்டாள். உள்ளுறையை உடன் எடுத்துச் சென்று, அதை அணிந்த கையில் மேலுறையைப் போட்டுப் பார்த்து வாங்கச் சொன்னேன். ஊகத்தில் பெரிதாக வாங்கிய கையுறையோடு ஜிப்பைப் பிடிப்பதும் காலணிக் கயிற்றைக் கட்டுவதும் பெரும் பாடு. ஜிப் இழுப்பது, பையின் கொக்கியைப் போடுவது, கைத்தொலைபேசியின் திரையைத் தொடுவது என்று மூன்றையும் கடையிலேயே செய்து பாருங்கள்.

மணிக்கட்டுப் பகுதி மேற்சட்டையின் கைக்குள் மடிப்பின்றி நுழைய வேண்டும். இடைவெளி விழுந்தால் காற்று அங்கிருந்தே விரல்வரை போய்விடும். கட்டைவிரலின் முதுகில் டவல் துணி ஒட்டியிருப்பது மூக்கைத் துடைப்பதற்காக. குளிரில் ஓடும்போது அதன் அருமை தெரியும். கயிறு பிடித்து ஏறுகிறவருக்கும் கோல் ஊன்றுகிறவருக்கும் உள்ளங்கையில் ஆட்டுத்தோலோ சிலிக்கோன் கோடுகளோ வேண்டும். ஓடுகிறவருக்கு அது தேவையில்லாத கனம். ஒரு ஜோடி 100 கிராமுக்குள் இருக்கட்டும்.

குளிர் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போகும் என்று தெரிந்தால் ஒரே கையுறையை நம்ப வேண்டாம். மெல்லிய மெரினோ கம்பளி உள்ளுறை, அதன் மேல் காற்றுத்தடுப்பு உறை, பையில் ஓய்வு நேரத்துக்கு நான்கு விரல்களும் ஒரே அறைக்குள் அடங்கும் தடித்த மிட்டன் ஒன்று, கூடுதலாகக் காய்ந்த உள்ளுறை ஒன்று என்று எடுத்துச் செல்லுங்கள். நம் நாட்டில் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும், ரப்பர் போன்ற மெல்லிய நைட்ரைல் கையுறை ஒரு ஜோடியையும் சேர்த்துக்கொள்ளலாம். எதிர்பாராமல் உறை நனைந்துவிட்டால், நைட்ரைல் கையுறையை முதலில் அணிந்து மேலே ஈர உறையைப் போட்டால் விடுதி சேரும்வரை தாங்கும். வியர்வை அதற்குள்ளேயே தங்கும் என்பதால் அவசரத்துக்கு மட்டுமே அது உதவும். விரல் நுனி வெளுத்து உணர்வற்றுப் போனால் ஓட்டத்தை நிறுத்தி, கையை அக்குளில் வைத்துச் சூடேற்ற வேண்டும். பனியால் தேய்க்கக் கூடாது. குளிரில் விரல்கள் வெள்ளையாகவும் நீலமாகவும் மாறுகிற ரேனோ நிலை உள்ளவர்களும், நீரிழிவால் கைகளில் உணர்வு குறைந்தவர்களும் மெல்லிய கையுறையில் சோதனை செய்யாமல், முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாங்கியதைக் காப்பாற்றுவது கோலாலம்பூரில் தனி வேலை. சூடும் ஈரப்பதமும் சேரும்போது பாலியூரித்தேன் மெல்லச் சிதையும். பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்த காலணியின் அடிப்பாகம் உதிர்வதும் இதே காரணத்தால்தான். ஊர் திரும்பியதும் இளஞ்சூட்டுக்கு மேற்படாத நீரில் மென்மையான சோப்புத் திரவத்தால் அலசி, துணி மென்மையாக்கி சேர்க்காமல், முறுக்கிப் பிழியாமல், நிழலில் மின்விசிறிக் காற்றில் உட்புறமும் காயும்வரை உலர்த்துங்கள். பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். படமெடுக்கும் கருவிகளுக்கான உலர்பெட்டி வீட்டில் இருந்தால் அதன் ஒரு மூலை போதும். அடுத்த பயணத்திற்கு ஒரு மாதம் முன்பே வெளியே எடுத்து, மீண்டும் ஒருமுறை புறங்கையில் ஊதிப் பாருங்கள். பிசுபிசுப்போ, உட்படலம் செதிலாக உரிவதோ தெரிந்தால், புதியதை வாங்க அப்போது நேரம் இருக்கும்.