ஜன்னல் இடுக்கில் காற்று வருகிறதா? நீங்களே அடைக்கலாம்

ஜன்னலை இறுக்கிச் சாத்திய பிறகும் திரைச்சீலை லேசாக ஆடினால், எங்கோ இடுக்கு இருக்கிறது. இடுக்கை அடைக்கும் பசையான சீலன்ட் வாங்கக் கிளம்பும் முன், இடுக்கு இருப்பது அசையும் இடமா, அசையாத இடமா என்று பாருங்கள். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ளது அசையாத இடம், அங்கே சீலன்ட். திறந்து மூடும் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ளது அசையும் இடம். அங்கே நுரைப் பட்டையோ ரப்பர் பட்டையோதான். அங்கே போய் சீலன்டைப் பூசினால் ஜன்னல் திறக்க வராது.

1. இடுக்கைக் கண்டுபிடியுங்கள்

காற்று வீசும் நாளில் ஃபேனை நிறுத்திவிட்டு, திரையை ஒதுக்கிக் கட்டி, கொளுத்திய ஊதுபத்தியைச் சட்டத்தை ஒட்டி மெதுவாக நகர்த்துங்கள். புகை சட்டென்று ஒரு பக்கம் சாயும் இடத்தில் பென்சிலால் குறியிடுங்கள். கதவு சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க, ஒரு தாளை நடுவில் வைத்துச் சாத்தி இழுங்கள். தாள் தடையில்லாமல் உருவி வந்தால் அங்கே பட்டை தேவை.

அலுமினியம், யூபிவிசி ஜன்னல்களின் அடிச்சட்டத்தில் சிறு துளைகள் இருக்கும். உள்ளே சேரும் மழைநீர் வெளியேறும் வழி அது. அதை அடைக்கவே கூடாது.

2. பழையதைச் சுரண்டுங்கள்

பொறுமை முழுவதும் இங்கேதான் வேண்டும். முதல் முறை செய்தபோது பழைய சிலிக்கானின் மேலேயே புதிதாகப் பூசினேன்; சில வாரங்களில் நாடா போல மொத்தமாக உரிந்து வந்தது. காய்ந்த சிலிக்கான் மேல் எதுவும் சரியாக ஒட்டாது. கட்டரால் இரு ஓரமும் கீறி, இழுத்து எடுத்து, மிச்சத்தைச் சுரண்டுங்கள். தூசியைத் தட்டி, ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்து, நன்றாக உலர விடுங்கள்.

3. சீலன்டைத் தேர்ந்தெடுங்கள்

மேலே பெயின்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் அக்ரிலிக். சாதாரண சிலிக்கானில் பெயின்ட் நிற்காது. மழை படும் வெளிப்பக்கத்துக்கு சிலிக்கான் நல்லது. ஆனால் வினிகர் வாடை வரும் வகை சிமென்ட் பரப்புக்கு ஒத்துவராது. ‘நியூட்ரல்’ என்று குறித்ததை வாங்குங்கள்.

4. பூசுங்கள்

ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆழமான இடுக்கை சீலன்டாலேயே நிரப்ப வேண்டாம். பேக்கர் ராட் என்னும் நுரைக் கயிற்றை, இடுக்கைவிடச் சற்றுப் பருமனாக வாங்கி, உள்ளே அழுத்திவிட்டு அதன் மேல் பூசுங்கள். சீலன்ட் இடுக்கின் அடிப்பகுதியில் ஒட்டாமல் இரு பக்கங்களை மட்டும் பிடித்திருந்தால் இழுபடும்போது கிழியாது.

இடுக்கின் இரு ஓரமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். குழாயின் முனையை 45 டிகிரி சாய்வாக, இடுக்கைவிடச் சிறிய துளை வரும்படி வெட்டுங்கள். குழாயை மாட்டிச் சீலன்டைப் பிதுக்கும் துப்பாக்கியை ஒரே வேகத்தில், நடுவில் நிறுத்தாமல் நகர்த்துங்கள். உடனே சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரே இழுப்பாக வழித்துவிடுங்கள். திரும்பத் திரும்பத் தடவினால் மேற்பரப்பு சொரசொரப்பாகும். சீலன்டின் மேல் ஆடை கட்டும் முன்பே டேப்பை உரியுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; கனமாகப் பூசியிருந்தால் உள்வரை இறுகக் கூடுதல் நாட்கள் ஆகும்.

5. அசையும் இடத்துக்குப் பட்டை

கதவு சட்டத்தில் வந்து முட்டும் பக்கத்தைத் துடைத்து, பசைத்தாளை ஒரேயடியாக உரிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக உரித்து ஒட்டுங்கள். பட்டையை இழுத்து ஒட்டினால் பிறகு சுருங்கி மூலையில் இடைவெளி விழும். நகரும் ஜன்னலுக்கு நுரை உதவாது, தேய்ந்து பிய்ந்துவிடும்; தடத்தில் செருகும் பிரஷ் பட்டைதான் சரி.

எரிவாயு ஹீட்டர் போன்றவை அந்த அறையில் இருந்தால், அதற்கென வைத்த காற்றுத் துவாரத்தை மட்டும் மூடாதீர்கள்.

பட்டை ஒட்டிய பிறகு கொக்கி விழவில்லை என்றால் பட்டை தடிமன். வலுவாக அழுத்திக் கொக்கியை மாட்டாமல், மெல்லிய பட்டையாக மாற்றி ஒட்டுங்கள்.