காபி விலை ஏறினால் அடுப்படியில் என்ன மாற்றலாம்?

பிரேசிலிலும் வியட்நாமிலும் 2024-இல் வறட்சி வாட்டியது. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டி, அதுவரை காணாத உயரத்தைத் தொட்டது. தென்னாப்பிரிக்காவில் காபி விளைவது மிகக் கொஞ்சம். குடிப்பதில் பெரும்பகுதி இறக்குமதி என்பதால் நம் நாணயமான ராண்ட் சரிந்தாலும் நமக்கு விலை ஏறும். டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு வீட்டில் நாளைக்கு நாலைந்து முறை கெட்டில் கொதிக்கும். காலைக் காபியை யாரும் விட வேண்டாம். அதை நீட்டித்து, மற்ற வேளைகளை மாற்றினாலே செலவு நன்றாகக் குறையும்.

கடையில் முதல் வேலை, டின்னைத் திருப்பிப் பார்ப்பது. எது எடையில் அதிகமோ அதுதான் பொருள்பட்டியலில் முதலில் வரும். மலிவான இன்ஸ்டன்ட் கலவைகளில் சிக்கரி முன்னாலும் காபி பின்னாலும் இருப்பது சாதாரணம். சிக்கரி மோசமான சரக்கல்ல. கிழக்குக் கேப்பின் அலெக்சாண்ட்ரியா பக்கம் விளையும் கிழங்குதான். வறுத்தால் நிறமும் லேசான கசப்பும் தரும், கஃபீன் கிடையாது. ஆனால் டெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொருளும் குளுக்கோஸும் சேர்த்த டின்களும் உண்டு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் அந்த வரியைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

ஃபில்டரில் இறக்குபவர்கள் இரண்டு பேருக்கு 20 கிராம் காபித்தூள் போடுகிறீர்கள் என்றால், 14 கிராம் காபி, 6 கிராம் சிக்கரி என்று மாற்றுங்கள். தண்ணீர் 150 மில்லி. கொதித்து அடங்கியதும் ஊற்றுங்கள். சிக்கரி காபியைவிட அதிகமாகக் கரைந்து பிசுபிசுப்பாகும். தூளை அழுத்தினால் துளைகள் அடைத்து டிகாக்‌ஷன் இறங்காது. தட்டிச் சமப்படுத்தினால் போதும். பாதிக்குப் பாதி சிக்கரி போட்டால் கறுப்பாக இறங்கும், ஆனால் வாசனை போய்விடும். நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். தனிச் சிக்கரி கிடைக்காவிட்டால், காபித்தூளை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, இறங்கிய டிகாக்‌ஷனில் டின் கலவையை அரை டீஸ்பூன் கரைத்துக்கொள்ளலாம். சிக்கரியில் உள்ள இனுலின் என்ற நார்ச்சத்து சிலருக்கு வயிற்றில் வாயுவை உண்டாக்கும். அவர்கள் அளவைக் குறைக்கட்டும்.

காபியை ஒரே நாளில் நிறுத்தினால் மறுநாள் பலருக்குத் தலைவலி பிடித்துக்கொள்ளும். மூன்று நான்கு நாளுக்கு ஒரு கப் வீதம் குறையுங்கள். முதலில் மாற்ற வேண்டியது மாலைக் கப். தூக்கமும் தேறும்.

அந்த மாலைக் கப்புக்கு ராய்பாஸ் என்ற மூலிகைத் தேநீரை மிஞ்ச எதுவும் இல்லை. மேற்குக் கேப்பின் செடர்பெர்க் மலைப்பக்கம் விளையும் இதில் கஃபீன் அறவே இல்லை, துவர்ப்பு தரும் டேனினும் குறைவு. பலர் இதை ஒருமுறை குடித்துவிட்டு “வைக்கோல் தண்ணீர்” என்று ஒதுக்கியிருப்பார்கள். காரணம், கப்பில் ஒரு பையைப் போட்டு வெந்நீர் ஊற்றி, ஒரு நிமிஷத்தில் பாலைச் சேர்ப்பதுதான். சிலோன் தேயிலையை அதிகம் கொதிக்கவிட்டால் துவர்க்கும். ராய்பாஸைக் கொதிக்கவிடாவிட்டால்தான் ருசி கெட்டுப்போகும்.

இரண்டு கப்புக்கு 300 மில்லி தண்ணீர், குவித்த இரண்டு டீஸ்பூன் இலை அல்லது மூன்று பை. அரை அங்குல இஞ்சியை நசுக்கி, இரண்டு ஏலக்காயோடு தண்ணீரிலேயே போட்டுக் கொதி வந்ததும் தணலைக் குறைத்து எட்டிலிருந்து பத்து நிமிஷம் விடுங்கள். ஓரத்தில் செம்பழுப்பு நுரை கட்டி, கரண்டியில் எடுத்தால் அடி தெரியாத அளவுக்கு நிறம் இறங்கியிருக்க வேண்டும். அதற்குப் பிறகே 100 மில்லி பால். ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். பச்சை இஞ்சியைப் பாலில் நேராகப் போட்டால் அதிலுள்ள நொதி பாலைத் திரித்துவிடும். தண்ணீரில் முதலில் நன்றாகக் கொதித்தால் நொதி செயலிழந்துவிடும். இலை ஊசிபோல மெலிதாக இருப்பதால் சாதாரண வடிகட்டியில் நழுவி வரும், மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். மின்வெட்டு நேரத்துக்குப் பாலில்லாமல் ஃபிளாஸ்கில் ஊற்றி வைக்கலாம். மணிக்கணக்கில் இருந்தாலும் கசக்காது.

மழைக்கும் சளிக்கும் சுக்குமல்லி. கொத்தமல்லி விதை 4 டேபிள்ஸ்பூன், சுக்கு 25 கிராம், மிளகு 1 டீஸ்பூன், சீரகம் 1 டீஸ்பூன், ஏலக்காய் 4. மல்லியை மட்டும் சிறுதீயில் வாசம் வரும்வரை வறுங்கள். கருகினால் முழுப்பொடியும் கசக்கும். சுக்கை இடித்துத் துண்டாக்கிய பிறகே மிக்ஸியில் போடுங்கள், இல்லாவிட்டால் பிளேடு வீணாகும். டர்பன் ஈரக்காற்றில் பொடி கட்டியாகிவிடும், ஆகவே மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து இறுக மூடிய பாட்டிலில் வையுங்கள். 200 மில்லிக்கு 1 டீஸ்பூன், ஐந்து நிமிஷம் கொதி, இரண்டு நிமிஷம் தெளியவிட்டு வடிகட்டினால் ஆயிற்று. கருப்பட்டி கிடைக்காத இடத்தில் வெல்லம் போதும். பால் சேர்ப்பவர்கள் அடுப்பை அணைத்த பிறகே வெல்லத்தைப் போடுங்கள். கொதிக்கிற பாலில் போட்டால் திரியும்.

காலையில் கொஞ்சம் வயிறும் நிறைய வேண்டுமா? ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வீடுகளுக்குக் கஞ்சி புதிதல்ல. மபேலே எனப்படும் சோள மாவு (மக்காச்சோளம் அல்ல) 2 டேபிள்ஸ்பூனை 100 மில்லி பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் 400 மில்லியில் கிண்டிக்கொண்டே ஊற்றுங்கள். மாவை நேராக வெந்நீரில் கொட்டினால் வெளிப்புறம் வெந்து உள்ளே மாவு அப்படியே நின்று கட்டி தட்டும். பத்துப் பன்னிரண்டு நிமிஷம் வேக வேண்டும். பச்சை மாவின் வாசனை இருந்தால் இன்னும் வேகவில்லை. உப்பும் மோருமோ, பாலும் வெல்லமுமோ உங்கள் விருப்பம். ஆறினால் இறுகும், மீண்டும் சூடாக்கும்போது கால் கப் வெந்நீர் விட்டு இளக்கிக்கொள்ளுங்கள்.